ஜீப் நிறைகிற நேரத்தில் பார்த்த பிரஷர்

வீடு வீடாகப் பிரஷர் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் என் வீட்டு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். "பிரஷர் இருக்கிறவங்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம். இல்லாதவங்கள அனுப்பிடறோம். இந்தப் பார்டர்ல இருக்கிறவங்ககிட்ட என்னதான் ஆயாம்மா சொல்றது?"

நான் சிரித்துவிட்டு, காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை, கண்ணுங்களா. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. உங்களைப்போல் சுடிதாரும் பையுமாக இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், தெரிந்ததும் தெரியாமல் போய்விடும். எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரி ஆயாவாக எடுத்தார்கள். கூட்டுவேன், துடைப்பேன், ஊசி போட்டால் அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வேன். பிறகு வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிற வேலை வந்ததும், எங்கள் சிஸ்டர் பெட்டியை என் தோளில் மாட்டினார். பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால் மெஷினே எண்ணைக் காட்டிவிடும், நீங்களே பார்க்கலாம் என்றார். நான் பயந்தேன். "எண்ணு படிக்கத் தெரியுமில்ல? அப்புறம் என்ன?" என்றார். வேலையை விட்டு வரும்வரை அந்தப் பெட்டி என் தோளில்தான் இருந்தது. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது என் கை அதைத் தேடும்.

பார்டர் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு மிரண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கிளியூர்ப் பக்கம் ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் அந்த அம்மா கட்டிலில் படுத்திருக்கிறார். திருப்பூரிலிருந்து மகள்கள் அழுதுகொண்டே வந்து இறங்குகிறார்கள். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிட்டு ஓடி வராதீங்க ஆயாம்மா. சொன்ன வாயோட சித்த நேரம் உட்காருங்க" என்றார். அது ஒரு வகை. மற்றது, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளுக்குக் கவலையே போய்விடும். அந்த வகையில் ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிற பாயை உங்களுக்குத் தெரியும். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "ஊருக்கே தெரிஞ்ச சங்கதி, எழுதுங்க ஆயாம்மா" என்றார்.

நம் ஆஸ்பத்திரி மேட்டின்மேல் இருப்பதால் அங்கே வந்த நாளிலிருந்தே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஏற்றம் ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்வார்கள். எண் கொஞ்சம் எச்சாகக் காட்டினால் அவர்களே சொல்லிவிடுவார்கள், "மேடு ஏறி வந்தேனுங்க, அதான்." நாங்களும் தலையாட்டுவோம். ஏறி வந்தால் கூடத்தான் காட்டும், அது பொய் இல்லை. ஆனால் சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இல்லாத ஒரு சாக்கு மலையில் எல்லோர் கையிலும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே எண், ஒவ்வொரு தடவையும் அதே மேடு.

பாய் ஒருநாள் காய்ச்சல்காரர் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார். வந்ததுதான் வந்தீர்கள், கையைக் கொடுங்கள் என்று சிஸ்டர் அவரையும் உட்கார வைத்தார். நான் பட்டையைச் சுற்றினேன். மேல் எண் நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது, நூற்று நாற்பதைத் தொடவில்லை. நாங்கள் பார்டர் என்பது இதைத்தான்.

"மேடு ஏறி வந்தேனுங்க, அதான்" என்றார் பாய்.

பெஞ்சில் பாப்பாத்தி அக்கா உட்கார்ந்திருந்தார். பட்டாணிச் செடிக்கு மருந்தடித்துவிட்டுக் கண் எரிகிறது என்று வந்தவர். எரிகிற கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். வாசலை ஒட்டி ஜீப் நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க பாய், மேடு ஏறுனது நீங்களா, உங்க ஜீப்பா?"

ஆஸ்பத்திரியே சிரித்தது. பாயும் சிரித்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பாயைப் பேசாமல் உட்கார வைத்து, மறுபடி பார்க்கச் சொன்னார். அதே எண். வேறொரு நாள் வரச் சொல்லிப் பார்த்தோம். அதே எண். மேடு என்று சொல்லி நாங்கள் அனுப்பியவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிற வேலை அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்த இரண்டாம் நாளில் சிஸ்டர் பாயை மருந்து அறைக்குள் அழைத்துப் போய், பார்டரில் நிற்கிறது என்று சொன்னார். நான் கதவருகே நின்றேன்.

"பார்டர்னா இன்னும் வரலேன்னுதானுங்களே?" என்றார் பாய், தேர்வில் பாஸான பிள்ளைபோல்.

"வரல. ஆனா அது அங்கயே உட்கார்ந்திருக்காது பாய். சும்மா விட்டா கொஞ்சம் கொஞ்சமா மேல போயிடும், போறது உங்களுக்கே தெரியாது. வலிக்காது, எரியாது. உப்பக் குறைங்க, பீடிய விடுங்க, ஜீப்ப விட்டு இறங்கித் தினமும் நடங்க. நொம்பப் பேருக்கு அதுலயே இறங்கிடும். சிலருக்கு என்ன பண்ணாலும் ஏறும். ஏறுதா இறங்குதான்னு அப்பப்பப் பார்த்துட்டே இருக்கோணும். உங்க ஊட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

பாய் முகம் மாறியது. அவருடைய அப்பா, அத்தா என்பார், கடை வைத்திருந்தவர். கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பிறகு கடைசிவரை படுக்கையில் இருந்தவர். அதைச் சொன்ன பாய், குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னார்.

"சிஸ்டர், கைய எடுத்துக் கும்பிடறேன். இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. டிரைவருக்குப் பிரஷர்னு ஒரு பேச்சு போச்சுன்னா, எவன் தன் பொண்டாட்டி புள்ளைய என் ஜீப்புல ஏத்துவான்? எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

அவருக்கு இருந்த பயம் அதுதான். உடம்புக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைவிட அது பெரியது. அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தார். பெட்டியோடு அவர் தெருவில் நுழைந்தால் ஜீப் கிளம்பிவிடும். அவர் மனைவி மும்தாஜ் என்னைப் பிடித்துக்கொண்டு புலம்புவார்.

"குழம்புல உப்பப் பாதியாக் குறைச்சுட்டேன் ஆயாம்மா. கருவாடு வாங்கறதையே உட்டாச்சு. அந்த மனுசன் என்ன பண்றாரு தெரியுமா? ஜீப்பு நிறையற வரைக்கும் ஸ்டாண்டுல நின்னு, பேரிக்காய உப்பு மொளகாத்தூள்ல முக்கி முக்கித் திங்கறாரு. கேட்டா, பழந்தானே புள்ள, உடம்புக்கு நல்லதுங்கறாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பேச்சுத்தான் மனதில் ஓடியது. ஜீப்பு நிறைகிற வரைக்கும். நம் ஊர் ஜீப் நேரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். அதுவரைக்கும் எல்லோரும் உள்ளே உட்கார்ந்துதான் இருப்பார்கள். பிரஷர் பார்க்கிறதுக்கு முன்னால் ஆளைச் சும்மா உட்கார வையுங்கள் என்று சிஸ்டர் தலைபாடாக அடித்துக்கொள்வார். வீடுகளில் யாரும் சும்மா உட்கார்வதில்லை. அடுப்பில் ஒரு கண், மாட்டில் ஒரு கண். மலையிலேயே ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரே இடம், நிறையாத ஜீப்.

ஜீப் நிறைகிற நேரத்தில் அங்கேயே போய்ப் பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "பாய்க்கு மட்டும் பார்த்தா ஊரே கேட்குமே?" என்றார்.

"எல்லாருக்கும் பார்க்கிறனுங்க. அவருக்குக் கடைசியா."

அதைச் சொன்னதற்கு இப்போதும் எனக்குப் பெருமைதான். வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்த காரியம் அது. மறுநாள் பெட்டியோடு போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டில் ஆரம்பித்தேன். அவரவர் எண்ணை அவரவர் காதில் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் மெஷினைத் திருப்பிக்கொண்டேன். "பெரிய வங்கி மேனேஜரு, மறைக்கிறா பாரு" என்று கிண்டல் செய்தார்கள். செய்துகொள்ளட்டும். கடைசியில் டிரைவர் சீட்டுக்குப் போனேன். பாய் திருதிருவென்று விழித்தார். எல்லோரும் கை நீட்டிய ஜீப்பில் அவர் மட்டும் எப்படி நீட்டாமல் இருப்பார்? நீட்டினார். கூட்டத்தோடு கூட்டமாக அவருடையதும் போயிற்று, யாரும் கவனிக்கவில்லை.

அப்படிப் பார்த்ததில் பாயைப்போல் எல்லையில் நிற்கிறவர்கள் இன்னும் சிலர் அகப்பட்டார்கள். ஆஸ்பத்திரி பக்கமே தலைகாட்டாதவர்கள் அவர்கள். ஜீப்பில் ஏறாமல் மலையில் யாரால் இருக்க முடியும்?

வாராவாரம் தன் எண்ணைக் கேட்கக் கேட்க, பாய்க்கே அதில் ஒரு ஆசை வந்துவிட்டது. பேரிக்காய்க்காரரிடம் தூள் போடாமல் வாங்கினார். பீடியை முழுசாக விடவில்லை, ஆனால் குறைத்தார். முதல் டிரிப்புக்கு முன்னால் நடந்துவிட்டு வந்தார். எண் இறங்கியது. ஒரு காப்பி சீசன் முழுக்க நல்லபடியாக நின்றது. பிறகு, அவர் எதையும் மாற்றாமலேயே, மெல்ல ஏறத் தொடங்கியது. இதை நீங்கள் மறக்கக் கூடாது. சொன்னதை எல்லாம் செய்தவருக்கும் ஏறலாம். அப்போது "நீங்க சரியா இருக்கல" என்று குற்றம் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்ததெல்லாம் வீணில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் ஏறுவது நமக்குத் தெரிந்தது.

அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தை நாள் வந்தது. பனி மூடி, எதிரில் வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஜீப் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். பாய் கடைசி மிளகு மூட்டையை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தார். நான் பட்டையைச் சுற்றினேன். மெஷின் காட்டிய எண்ணை இரண்டு தடவை படித்தேன். நூற்று எழுபதுக்குப் பக்கம். அவரிடம் அதுவரை நான் பார்த்திராத எண்.

"போலாம் பாய், சந்தை கலைஞ்சு போயிடும்!" என்று பின்னாலிருந்து சத்தம். எங்களுக்குப் பின்னால் அடுத்த ஜீப்போடு நின்ற தங்கராசு ஹாரனை அழுத்தினார். "நிறைஞ்சா எடுய்யா, இல்லேன்னா ஒதுங்கு!"

பாய் சாவியில் கை வைத்தார். போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பனியில் வளைவுகள், பின்னால் அத்தனை உயிர். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் எண்ணைச் சொல்லி நிறுத்தலாம். அன்றோடு அந்த மனுஷனின் பிழைப்பு போகும். அதுவும் மூட்டை தூக்கிய கையோடு பார்த்த எண்ணை வைத்து. சிஸ்டர் பக்கத்தில் இல்லை. நான் திரும்பி, பின்சீட்டைப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன்:

"சித்த இருங்க எல்லாரும். மூட்டை தூக்கிட்டு ஏறுனவுடனே பார்த்துட்டேன், அது சரியா வராது. இன்னொரு தடவை எல்லாருக்கும் பார்க்கோணும். அதுக்கப்புறந்தான் வண்டி எடுக்கோணும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் குரல் இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

"ஆயாம்மாவுக்கு வாய் இருக்குதாட்டம்!" என்றார் பாப்பாத்தி அக்கா. "சரி, பாருங்க. சந்தை எங்கயும் ஓடிடாது."

மறுபடியும் பின்சீட்டிலிருந்து, அவசரப்படாமல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு நேரமும் பாய் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்காகத்தானே! அவரிடம் வந்தபோது காதோடு கேட்டேன். தலை வலிக்கிறதா, நெஞ்சு அடைக்கிறதா, கண் மங்குகிறதா, கை கால் மரத்ததா? இல்லை, இல்லை, எதுவுமே இல்லை என்றார். எண் இறங்கியிருந்தது. ஆனாலும் நூற்று ஐம்பதைத் தாண்டித்தான் நின்றது. எல்லையைக் கடந்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. இறங்கி ஓரமாக நின்று சிஸ்டருக்குப் போன் அடித்தேன். "அறிகுறி ஒண்ணும் இல்லேல்ல? அப்ப வண்டி ஓட்டலாம், பயமுறுத்தாதீங்க. ஆனா இன்னைக்கே டாக்டரப் பார்க்கோணும், தள்ளிப்போடக் கூடாது" என்றார்.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எங்கீங்க வர்றீங்க?" என்றார் பாய்.

"எனக்கும் ஏற்காட்டுல வேலை இருக்குதுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருப்பினார். எப்போதும்போல் நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். "என்னயவே பார்த்தீங்கன்னா எனக்கு வெட்கமா இருக்குதுங்க" என்றார் ஒரு இடத்தில். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

ஆட்களை இறக்கிவிட்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். டாக்டர் பார்த்தார், கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார், பிறகு மாத்திரை எழுதினார். "பரவாயில்லை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் மஞ்சக்குட்டை வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனால் வரிசையில் நம் ஊர் ஆள் யாரோ நின்றிருக்கிறார்கள். அடுத்த நாள் ஸ்டாண்டுக்குப் போனபோது பாயின் ஜீப் முக்கால்வாசி காலியாக நின்றது. தங்கராசு தன் ஜீப் படியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இங்க வாங்க, இங்க வாங்க! அது பிரஷர் ஜீப்பு!" சிலர் சிரித்தார்கள். ஒரு குடும்பம் பாயின் ஜீப்பிலிருந்து இறங்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் மறுபக்கம் ஏறியது.

பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து ஒருவர் கேட்டார், "நெசமா ஆயாம்மா? பாய்க்குப் பிரஷரா?"

இல்லை என்று சொன்னால் ஜீப் நிறைந்துவிடும். பாயும் என்னையே பார்த்தார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "யாரோட எண்ணையும் நான் இன்னொருத்தருக்குச் சொல்றதில்லீங்க" என்றேன். நாக்கு குழறத்தான் செய்தது.

பாய் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். "ஆயாம்மா எதுக்குச் சொல்லோணும்? நானே சொல்றேன். ஆமாங்க, இருக்குது. எல்லையில நின்னுச்சு, பார்த்துட்டே இருந்தோம். தாண்டுச்சு, டாக்டர்கிட்டப் போனேன், மாத்திரை போடறேன். வாரா வாரம் பார்க்கிறேன். நம்புறவங்க ஏறுங்க."

யாரும் அசையவில்லை. அப்போது, தங்கராசுவின் ஜீப்பில் சன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த பாப்பாத்தி அக்கா தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்ப்பா தங்கராசு, பாய்க்கு எவ்வளவுன்னு தெரிஞ்சு போச்சு. உனக்கு எவ்வளவு?"

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கல்லாட்டம் இருக்கிறேன்."

"பார்த்தியா?"

"எதுக்குப் பார்க்கோணும்?"

"அப்ப உனக்கே தெரியாது." அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "தெரிஞ்சவரு ஜீப்புலயே போறேன். அவராவது மாத்திரை போட்டுட்டு ஓட்டறாரு. இவன் எத வெச்சுட்டு ஓட்டறானோ!"

அவர் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மறுபக்கம் போன குடும்பம் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பாயின் ஜீப் நிறையாமலேதான் போனது. ஆனால் போனது. அடுத்த சந்தைக்கெல்லாம் நிறைந்தே போனது. ஸ்டாண்டில் புதிதாக ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. ஏறுவதற்கு முன்னால் பெண்கள் டிரைவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள், "கைய நீட்டுனீங்களா?"

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பார்டரில் இருப்பவர்களிடம் என்ன சொல்வது? இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள், அது உண்மை. வரக்கூடும் என்றும் சொல்லுங்கள், அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். பிறகு அவர் எங்கே சும்மா உட்கார்ந்திருப்பார் என்று பார்த்து, அங்கே நீங்கள் போங்கள். அவர் வருவார் என்று ஆஸ்பத்திரியில் காத்திருக்காதீர்கள்.

தங்கராசு அதற்குப் பிறகு ஒருநாள் என்னிடம் வந்தார். அவருடைய ஜீப் பின்னால் காலியாக நின்றது. சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "பார்த்துத் தொலைங்க ஆயாம்மா. பார்க்காம இந்தப் பொம்பளைக ஏற மாட்டேங்கறாங்க" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவருக்கு அது பெரிய தண்டனை. பிறகு பட்டையைச் சுற்றினேன். ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மெஷின் நின்றது. குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"எவ்வளவு? எவ்வளவுங்க ஆயாம்மா?" என்று எல்லோரும் கத்தினார்கள்.

நான் பட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, மூடி, தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.